வேற்றுக்கிரக அறிவுயிர்களின் தடயம் இதுவரை ஏன் கிடைக்கவில்லை?

நாம் இன்னும் சரியாகத் தேடவே ஆரம்பிக்கவில்லை என்பதுதான் என் பதில். அந்தத் தேடலில் ஒரு சின்ன மூலையில் நானும் இருந்தேன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2001-ல் எங்கள் வீட்டுக்கு முதல் கம்ப்யூட்டர் வந்ததும் நான் அதில் போட்ட மென்பொருள், வேற்றுக்கிரக சிக்னலைத் தேடும் செட்டி அட் ஹோம் (SETI@home). பெர்க்லியில் இருக்கும் கலிபோர்னியா பல்கலைக்கழகம் 1999 மே மாதம் தொடங்கிய திட்டம் அது. போர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோ ரேடியோ தொலைநோக்கி விண்வெளியிலிருந்து பதிவு செய்யும் ரேடியோ அலைகளைத் துண்டு துண்டாக்கி, உலகம் முழுக்கச் சும்மா கிடக்கும் கம்ப்யூட்டர்களுக்கு அனுப்புவார்கள். ஒரு துண்டு என்பது 107 விநாடிப் பதிவு. டயல்-அப்பில் அதை இறக்கிக்கொண்டு இணைப்பைத் துண்டித்துவிடுவேன். அப்புறம் ராத்திரி முழுக்க அது தானாகக் கணக்குப் போடும். திரையில் பல வண்ணங்களில் ஊசி ஊசியாக ஒரு வரைபடம் எழும்பிக்கொண்டிருக்கும். மற்றவற்றைவிட உயரமாக ஒரு ஊசி நிற்கிறதா என்று நடு ராத்திரியில் எழுந்து வந்து பார்ப்பேன். அப்பா ஒரு நாள் கரண்ட் பில்லோடு வந்து, "ராத்திரியெல்லாம் எதுக்குடா ஓடுது?" என்றார். விளக்கினேன். "சரி, ஏதாவது கேட்டா எழுப்பு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்படி லட்சக்கணக்கான பேர் சேர்ந்து அலசியது எவ்வளவு தெரியுமா? ஹைட்ரஜன் இயல்பாக ஒலிபரப்பும் 1420 மெகாஹெர்ட்ஸை ஒட்டி, வெறும் 2.5 மெகாஹெர்ட்ஸ் அகலம். அதுவும் அரெசிபோவின் தட்டு பள்ளத்தில் பதித்தது, திருப்ப முடியாது. அதன் தலைக்கு மேல் நகரும் வானத்தின் ஒரு பட்டைதான் அதற்குத் தெரியும். வேற்றுக்கிரகத்தார் வேறு அலைவரிசையில் பேசியிருந்தால், அல்லது நாங்கள் கேட்ட 107 விநாடிக்கு அடுத்த விநாடியில் பேசியிருந்தால், எங்களுக்குத் தெரிந்திருக்காது.

முதல் தேடல் 1960-ல் நடந்தது. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் கிரீன் பேங்க் என்ற சிற்றூரில் ஃபிராங்க் டிரேக் என்ற வானியலாளர், டவ் செட்டி, எப்சிலான் எரிடானி என்ற இரண்டே நட்சத்திரங்களைப் பார்த்துக் காது வைத்தார். அதிலிருந்து அன்றுவரை தேடியதையெல்லாம் 2018-ல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். தேட வேண்டியது பூமியின் மொத்தக் கடல் என்றால், நாம் தேடியது ஒரு சிறிய நீச்சல் குளத்துத் தண்ணீர். அந்தக் குளத்தில் மீன் இல்லை என்பதை வைத்துக் கடலில் மீன் இல்லை என்று யாராவது சொல்லும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

இடையில் சந்தேகத்துக்குரிய சத்தங்கள் வந்ததுண்டு. 1977 ஆகஸ்ட் 15 அன்று ஒஹையோவில் 72 விநாடி நீடித்த ஒரு சிக்னல் பதிவானது. எவ்வளவோ தேடியும் அது திரும்பக் கேட்கவில்லை. 2019-ல் சூரியனுக்கு மிக அருகிலுள்ள நட்சத்திரமான பிராக்ஸிமா சென்டாரி பக்கமிருந்து வந்ததாகத் தோன்றியது, நம் சாதனங்களின் இரைச்சல்தான் என்று முடிந்தது.

"எல்லாரும் எங்கே?" என்று 1950-ல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் மதியச் சாப்பாட்டு மேசையில் இயற்பியலாளர் என்ரிக்கோ ஃபெர்மி கேட்டதை நான் தள்ளிவிடவில்லை. பால்வீதி ரொம்பப் பழையது. மெதுவாகப் பயணம் செய்தாலும் யாராவது வந்து சேர நேரம் இருந்திருக்கிறது. அதனால் அறிவு என்பதே அரிதான விஷயமாக இருக்கலாம் என்று எனக்கும் தோன்றுகிறது. அதை எனக்கு நானே ஒரு ரயில் கணக்காகப் போட்டுப் பார்ப்பேன்.

சென்னை எழும்பூரிலிருந்து கன்னியாகுமரிக்கு ரயிலில் சுமார் 740 கிலோமீட்டர். பூமியின் வயதான 450 கோடி வருடங்களை அந்தத் தூரத்தில் பரப்பினால், எழும்பூரில் பூமி பிறக்கிறது. விழுப்புரம் வரும்போது நுண்ணுயிர்கள் ஏறிவிட்டன. ஆனால் திருச்சி, திண்டுக்கல், மதுரை எல்லாம் தாண்டியும் பெட்டியில் பெரும்பாலும் அவைதான். விலங்குகள் ஏறவே திருநெல்வேலி நெருங்கிவிடுகிறது. மனிதன் வருவது வண்டி நிற்பதற்குக் கடைசி ஐம்பது மீட்டரில். ரேடியோவைக் கண்டுபிடித்து நாம் பேசத் தொடங்கியது கடைசி இரண்டு சென்டிமீட்டர்.

இன்னொரு கோளில் இன்னொரு ரயில் ஓடியிருக்கலாம். அது மதுரையிலேயே நின்றிருக்கலாம். அல்லது அதன் இரண்டு சென்டிமீட்டர் எப்போதோ முடிந்து, அந்தச் சத்தம் நம்மூரில் டைனோசர் இருந்த காலத்திலேயே பூமியைக் கடந்து போயிருக்கலாம். இரண்டு வண்டிகளின் இரண்டு சென்டிமீட்டர்களும் பொருந்தி வர வேண்டும், நடுவில் ஒளி பயணம் செய்யும் ஆயிரக்கணக்கான வருடங்களையும் சேர்த்து. நமக்கு இன்னும் எதுவும் கேட்காததற்கு எனக்கு இன்னொரு பெரிய காரணமாகப் படுவது இது.

2020 மார்ச் 31-ஆம் தேதியோடு செட்டி அட் ஹோம் புதிய துண்டுகள் அனுப்புவதை நிறுத்தியது. அதே வருடம் டிசம்பர் 1 அன்று அரெசிபோவின் தட்டுக்கு மேல் கம்பிகளில் தொங்கிய தளம் அறுந்து தட்டின் மேல் விழுந்து நொறுங்கியது. அந்த வீடியோவை அப்பாவிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "அப்போ இப்ப யாருடா கேக்குறாங்க?" என்றார். டிரேக் ஆரம்பித்த அதே கிரீன் பேங்க் ஊரில் 100 மீட்டர் தொலைநோக்கி ஒன்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது என்று சொன்னேன்.