வரைபடத்தில் ஒரு பின் (pin) போதாது, எல்லை வேண்டும்

கேள்வி: எங்கள் தன்னார்வக் குழு ஓர் ஏரியில் பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறது. போன ஆண்டு நாமக்கோழிகள் ஏராளம். இந்த ஆண்டு அதில் பாதிகூட இல்லை. விசாரித்தால், இரண்டு ஆண்டும் ஆளுக்கு ஒரு பக்கமாகச் சுற்றியிருக்கிறார்கள். எங்களிடம் இருப்பது கூகுள் மேப்பில் ஏரியின் நடுவே குத்திய ஒரு பின் மட்டுமே. என்ன செய்யலாம்?

பதில்: நாமக்கோழி குறைந்ததா என்ற கவலையை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். எவ்வளவு இடத்தில் எண்ணினோம் என்று தெரியாதவரை அதற்குப் பதில் கிடையாது. விடியுமுன் எழுந்துபோய் எண்ணிய அத்தனை பேரின் உழைப்பும் இந்த ஒரு குறையால் வீணாகக் கூடாது என்பதுதான் என் ஆதங்கம். 1900-இல் அமெரிக்கப் பறவையியலாளர் ஃபிராங்க் சாப்மன் தொடங்கிய கிறிஸ்துமஸ் பறவைக் கணக்கெடுப்பில் ஒவ்வொரு குழுவுக்கும் சுமார் 24 கி.மீ. விட்டமுள்ள ஒரு வட்டம் உண்டு. ஆட்கள் மாறினாலும் வட்டத்தை மாற்றுவதில்லை.

உங்கள் எல்லையை இன்றைய தண்ணீர் விளிம்பில் போடாதீர்கள். அது மாதத்துக்கு மாதம் நகரும். ஏரி நிரம்பினால் நீர் எதுவரை நிற்குமோ, அதற்கு வெளியே கரை, பாதை, வாய்க்கால் என்று கண்ணால் பார்க்கக்கூடிய ஒன்றை ஒட்டிக் கோடு இழுங்கள். உங்களை அறியாத ஒருவர் வரைபடத்தை மட்டும் வைத்துக்கொண்டு அந்தக் கோட்டில் நடக்க முடிய வேண்டும். செயற்கைக்கோள் படம் எந்தத் தேதியில் எடுத்தது என்றும் பாருங்கள். கோடையில் எடுத்த படமாக இருந்தால் ஏரி பாதியாகத் தெரியும். வரைந்த பிறகு செல்போனோடு ஒருமுறை சுற்றி வாருங்கள். திறந்த வெளியில் போன் ஜிபிஎஸ் சுமார் 5 மீட்டர் வரை பிசகும், மரங்களுக்கு அடியில் இன்னும் அதிகம். அதனால் தோப்புக்குள் மட்டும் போன் காட்டுவதைவிடப் பாதையை நம்புங்கள்.

அப்புறம், ஏரியை நாலைந்து பகுதிகளாகப் பிரித்து, எண்ணிக்கையைப் பகுதிவாரியாக எழுதுங்கள். ஒரு வருடம் ஆள் பற்றாமல் ஒரு பகுதி விட்டுப்போனாலும் மற்றவற்றை ஒப்பிடலாம். தண்ணீர் வற்றிய பகுதியையும் போய்ப் பார்த்து, பறவை இல்லையென்றால் பூஜ்யம் என்று எழுதுங்கள். போகாத பகுதிக்குப் பூஜ்யம் போடவே கூடாது, அதைக் காலியாக விட வேண்டும். கழிந்த இரண்டு ஆண்டுக் கணக்கையும் தூக்கிப்போடாதீர்கள். அன்று நடந்தவர்களைக் கூப்பிட்டு, போன வழியை வரைபடத்தில் வரையச் சொல்லுங்கள். நினைவு மங்குவதற்குள் செய்ய வேண்டிய வேலை இது.

எல்லைப் புள்ளிகளைக் குறிக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களில்தான் பெரிய ஆபத்து. 12 பாகை 30 நிமிடம் என்பதைப் பலர் 12.30 என்று தட்டிவிடுகிறார்கள். ஒரு பாகைக்கு 60 நிமிடம் என்பதால் அது 12.5. இந்தச் சின்ன வித்தியாசம் உங்கள் ஏரியை ஏறக்குறைய 22 கி.மீ. தள்ளி வைத்துவிடும். வரைந்த எல்லையைச் சேமிக்கும் கேஎம்எல் (KML) கோப்பில் தீர்க்கரேகை முதலில் வரும், கூகுள் மேப்பில் அட்சரேகை முதலில் வரும். இடம் மாறினால் ஏரி வேறு நாட்டுக்கே போய்விடும். தசமத்துக்குப் பின் ஐந்து இலக்கம் போதும், அதுவே ஒரு மீட்டர் அளவுக்குத் துல்லியம்.

கேள்வி: கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் பறவையை எண்ணலாமா? பக்கத்துக் குழுவுக்கும் எங்களுக்கும் இதில்தான் தகராறு.

பதில்: உங்கள் கணக்கில் வராது. குறிப்பில் தனியாக எழுதலாம். மேலே பறந்து கடந்தவற்றுக்கும் தனிப் பத்தி வையுங்கள். இரண்டு குழுவுக்கும் நடுவில் பாதை இருந்தால், அதன் எந்த ஓரம் யாருக்கு என்று முன்கூட்டியே பேசி, இரு தரப்பு வரைபடத்திலும் ஒரே கோட்டை வரைந்துவிடுங்கள். எல்லையை ஒட்டிய பகுதிகளை இரு குழுவும் ஒரே நேரத்தில் எண்ணினால், இங்கிருந்து எழும்பி அங்கே இறங்கும் கூட்டம் இரண்டு முறை கணக்கில் ஏறாது.