டி20யில் வெளுத்து வாங்கும் இளம் பேட்டர்கள் டெஸ்டில் ஏன் தடுமாறுகிறார்கள்?

பொறுமை இல்லை என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் முக்கியமான காரணம், ஆட்ட விதிகள் தரும் பாதுகாப்பு டெஸ்டில் கிடைக்காது என்பதுதான். டி20யில் ஒரு பந்துவீச்சாளருக்கு 4 ஓவர்தான். அவரைச் சமாளித்துவிட்டால் போதும். டெஸ்டில் அவர் உணவு இடைவேளைக்குப் பிறகும் வருவார், புதுப் பந்தோடும் வருவார். வெளிவட்டத்தில் ஃபீல்டர்களைக் கட்டுப்படுத்தும் பவர்பிளே கிடையாது, விளிம்பில் பட்ட பந்தைப் பிடிக்க விக்கெட் கீப்பருக்குப் பக்கத்தில் மூன்று ஸ்லிப் ஃபீல்டர்கள் நிற்பார்கள். டி20யில் பேட்டின் விளிம்பில் பட்டு ஆளில்லாத ஸ்லிப் வழியாக ஓடிவிடும் பந்து, இங்கே கேட்ச்.

அதனால் முதலில் பழக வேண்டியது தடுப்பாட்டம்கூட இல்லை, ஆஃப் ஸ்டம்ப் (பேட்டரின் உடம்பிலிருந்து தள்ளி இருக்கும் ஓரத்து ஸ்டம்ப்) எங்கே என்று தெரிந்து, அதற்கு வெளியே போகும் பந்தை ஆடாமல் விடுவது. இதில்தான் நிறைய பேர் சிக்குகிறார்கள். கையை உடம்பை விட்டு நீட்டி ஆடியே பழகியவருக்கு, பந்தைக் கண்ணுக்குக் கீழே வரவிட்டு ஆடுவது புதுப் பாடம்.

சரி, அதிரடியை விட்டுவிட வேண்டுமா? வேண்டவே வேண்டாம். இந்தியத் தொடக்க ஆட்டக்காரர் யஷஸ்வி ஜெய்ஸ்வாலைப் பாருங்கள்: 2023 மே மாதம் ஐபிஎல்லில் 13 பந்தில் அரைசதம், ஜூலையில் டொமினிக்காவில், அறிமுக டெஸ்டில், 387 பந்தில் 171. விக்கெட் கீப்பர் ரிஷப் பந்த் 2025 சிட்னி டெஸ்டின் முதல் இன்னிங்ஸில் 98 பந்தில் 40, இரண்டாவதில் 33 பந்தில் 61. ஒரே ஆடுகளம், ஒரே ஆள்! எப்போது கியரை மாற்றுவது என்ற இந்தத் தீர்ப்பு வலைப்பயிற்சியில் மட்டும் வராது. ரஞ்சி கோப்பை போன்ற உள்நாட்டு நான்கு நாள் ஆட்டங்களில் நாள் முழுக்க நின்று ஆடினால்தான் வரும். இளம் வீரர்களுக்கு அந்த வாய்ப்பைக் குறைப்பதுதான் எனக்குப் பெரிய கவலை.