வெலிங்டன் பாரக்ஸ் – கடிதம்

அன்புள்ள ஐயா,

மகனைப் பார்க்க லண்டன் போனபோது பக்கிங்ஹாம் அரண்மனை வாசலில் காவல் மாற்றும் சடங்கைப் பார்த்தோம். கூட்டத்தில் கரடித்தோல் தொப்பிகள்தான் தெரிந்தன. டூரிஸ்டுகளுக்காக நடக்கும் வேடிக்கை என்றே தோன்றியது. இதற்காக சிப்பாய்கள் தங்கும் ஒரு பாரக்ஸையே பக்கத்தில் வைத்திருக்க வேண்டுமா?

இரா. ச., திருச்சி

அன்புள்ள இரா. ச.,

நீங்கள் பார்த்தது பாதிதான். சடங்கு தொடங்குவது அந்த வெலிங்டன் பாரக்ஸில். அரண்மனையிலிருந்து நடந்தே போய்விடலாம், பேர்ட்கேஜ் வாக் சாலையில் இருக்கிறது. 1833-இல் திறந்தார்கள். நம் நீலகிரி வெலிங்டனுக்குப் பெயர் தந்த அதே தளபதியின் பெயர்தான் இதற்கும்.

பத்து மணிக்கு மேல் அதன் கம்பி வேலியருகே போய் நின்றால் கூட்டம் குறைவு. புதிய காவல் அணிவகுத்து நிற்கும். அதிகாரி ஒவ்வொருவராக மேலும் கீழும் பார்த்துக்கொண்டே வருவார். சிவப்புச் சட்டையின் பொத்தான்களைக் கவனியுங்கள், எந்த ரெஜிமென்ட் என்று தெரிந்துவிடும்: ஒற்றை ஒற்றையாக இருந்தால் கிரெனேடியர், இரண்டிரண்டாக இருந்தால் கோல்ட்ஸ்ட்ரீம், மும்மூன்றாக இருந்தால் ஸ்காட்ஸ், நான்கு நான்காக ஐரிஷ், ஐந்தைந்தாக வெல்ஷ். பதினொன்றுக்குச் சற்றுமுன் பாண்டு முன்னால் போக, அரண்மனைக்குக் கிளம்புவார்கள்.

வேடிக்கை என்கிறீர்களே, அதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. இவர்கள் வேஷம் கட்டியவர்கள் அல்ல, பணியில் இருக்கும் சிப்பாய்கள். ஆப்கானிஸ்தானின் ஹெல்மண்டில் சண்டை போட்ட ரெஜிமென்ட்டுகள் இவை.

அப்புறம், அந்த வளாகத்திலேயே இந்த ரெஜிமென்ட்டுகளின் கார்ட்ஸ் தேவாலயம் இருக்கிறது. 1944 ஜூன் 18, ஞாயிற்றுக்கிழமை. வாட்டர்லூவில் வெலிங்டன் நெப்போலியனை வென்ற அதே தேதி. காலை ஆராதனை நடக்கும்போது ஜெர்மானியரின் வி-1 பறக்கும் குண்டு கூரைமேல் விழுந்தது. சிப்பாய்களும் பொதுமக்களுமாக 121 பேர் இறந்தார்கள். கூரையும் சுவர்களும் சரிந்தன. பலிபீடம் இருந்த அரைவட்ட மாடம் மட்டும் நின்றது. அதிலிருந்த மெழுகுவத்திகள் அணையாமல் எரிந்துகொண்டிருந்தனவாம்.

இடிந்ததை முழுக்க அகற்றிவிட்டுப் புதிதாகக் கட்டியிருக்கலாம். அவர்கள் அந்த மாடத்தை அப்படியே விட்டு, அதோடு சேர்த்து 1963-இல் எளிமையான புதுக் கட்டடத்தை எழுப்பினார்கள். காவலுக்குப் புறப்படும் இளைஞன் நிற்கிற மைதானமும் அந்த மாடமும் ஒரே வளாகத்தில்தான்.

அடுத்த முறை ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துப் போங்கள். ஆராதனைக்கு யார் வேண்டுமானாலும் வரலாம். உள்ளே நுழைந்ததும் நேர் எதிரே அந்த மாடத்தின் பழைய மொசைக் பொன்னிறமாகத் தெரியும்.