மீன் ஏலம் நடக்கும் கூட்டத்தில் என் நாயை அமைதியாக இருக்கப் பழக்குவது எப்படி?

வீட்டில் சொன்ன பேச்சைக் கேட்கும் உங்கள் சிப்பிப்பாறை வேட்டை நாய், பாம்பன் கரையில் ஏலம் நடக்கும் இடத்துக்குப் போனால் இழுக்கிறது, குரைக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். அது அடம்பிடிக்கவில்லை. ஐஸ் பெட்டி இழுபடும் சத்தம், மீன் வாடை, ஏலம் கூறுகிறவரின் குரல் எல்லாம் ஒன்றாக வந்து விழும்போது நீங்கள் சொல்வது அதன் காதில் ஏறாது. கூட்டத்துக்குள் நின்றுகொண்டு அதட்டிப் பயனில்லை. தள்ளி நின்று பழக்க வேண்டும்.

எவ்வளவு தள்ளி என்பதை நாயே காட்டிவிடும். முகத்தைக் கவனியுங்கள். நாக்கைத் தொங்கவிட்டு நிற்கும் நாய் திடீரென்று வாயை மூடும். காது முன்னால் வரும், உடம்பு விறைக்கும். குரைப்பு அதற்கு அடுத்துதான். வாய் மூடிய உடனே பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்; திரும்பிப் பார்த்தால் உப்பில்லாமல் அவித்த கோழி ஈரலில் ஒரு துண்டு கொடுங்கள். ஈரலை மோந்துகூடப் பார்க்கவில்லையா? ரொம்பக் கிட்டே போய்விட்டீர்கள். பேசாமல் பின்னால் வந்துவிடுங்கள். (கருவாடு கொடுக்காதீர்கள். ஆசையாகத் தின்னும், ஆனால் அத்தனை உப்பு அதற்கு ஆகாது.) ஒரே இடத்தில் பல நாள் நிம்மதியாக நின்ற பிறகு நாலு எட்டு முன்னால் போகலாம்.

இதற்கு நம் கரையில் நல்ல காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், நாட்டுப்படகு மீன் மட்டும் வரும். வாடை இருக்கும், ஆள் இருக்கும், நெரிசல் இருக்காது. கோடை என்பதால் விடியற்காலையில் போய்விட்டு வந்துவிடுங்கள். தார் ரோட்டில் புறங்கையை வைத்துப் பாருங்கள். உங்களுக்குத் தாங்கவில்லை என்றால் அதன் பாதத்துக்கும் தாங்காது. தடை முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போகத் தொடங்கியதும் மறுபடி தூரத்திலிருந்தே ஆரம்பியுங்கள்.

சிப்பிப்பாறைக்குத் தலை ஒடுக்கம். கழுத்து பெல்ட் மட்டும் போட்டால் பின்னால் இழுத்து நழுவிவிடும். மார்பைச் சுற்றி வரும் பெல்ட் கச்சிதமாகப் போடுங்கள். ஓடுவதைக் கண்டால் துரத்துவது வேட்டை நாயின் ரத்தத்தில் உள்ளது, அதனால் எவ்வளவு பழகினாலும் ஆடு திரியும் தெருவில் கயிற்றை அவிழ்க்காதீர்கள்.

கீழக்கரை, தொண்டி கடைத்தெருவில் கயிற்றைக் குட்டையாகப் பிடியுங்கள். தொழுகைக்குப் போகிறவர் மேல் எச்சில் பட்டால் அவர் கழுவிவிட்டுத்தான் தொழ முடியும். ஆடி, தை அமாவாசைக்கு ராமேஸ்வரம் அக்னி தீர்த்தக் கரைப் பக்கம் எந்த நாயையும் கொண்டுபோக வேண்டாம். அந்த நெரிசலில் நாய்க்கும் பாடு, மக்களுக்கும் பாடு.

அப்புறம், "விடு" என்றதும் வாயில் உள்ளதைக் கீழே போட வீட்டிலேயே பழக்குங்கள். வலையிலிருந்து கழித்துப்போட்ட பேத்தை மீன் (பந்துபோல் உடம்பை ஊதிக்கொள்ளும் விஷ மீன்) கரையில் கிடக்கும். அதன் விஷத்துக்கு மாற்று மருந்து கிடையாது. தின்றுவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே, தள்ளாடும்வரை காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.