‘பரம்பரைச் சண்டை’ என்ற சொல்லை விட்டுவிடுங்கள்

கேள்வி: ஏமன், காஸா, உக்ரைன் என்று இதழுக்கு இதழ் போர்க் கட்டுரைகளாகவே வெளியிடுகிறீர்கள். அவையெல்லாம் அந்தந்தப் பகுதிக்காரர்களின் பரம்பரைச் சண்டைகள். அவர்களே தீர்த்துக்கொள்ளட்டும். நமக்கு எண்ணெய் விலை ஏறினால் அதை மட்டும் எழுதினால் போதாதா?
— ஒரு வாசகர், திருவாரூர்

பதில்: போதாது.

உங்கள் கடிதத்தில் என்னை முதலில் உறுத்தியது ‘பரம்பரைச் சண்டை’ என்ற சொல்தான். அப்படிச் சொல்லிவிட்டால் யார் தொடங்கினார்கள், யார் ஆயுதம் கொடுத்தார்கள், யார் நிறுத்த மறுத்தார்கள் என்று எதையும் கேட்க வேண்டியதில்லை. மழை, வெயில் போல அதுவும் ஒன்று என்று இருந்துவிடலாம். ஆனால் ஒவ்வொரு போருக்கும் ஒரு தேதி இருக்கிறது. அந்தத் தேதியில் முடிவெடுத்த மனிதர்களும் இருக்கிறார்கள்.

ஏமனையே பார்ப்போம். 1962 செப்டம்பரில் வட ஏமனில் மன்னராக ஆண்ட இமாமின் ஆட்சியை ராணுவ அதிகாரிகள் கவிழ்த்தார்கள். புதிய குடியரசைக் காக்க எகிப்து அதிபர் நாசர் படை அனுப்பினார். பதவி இழந்த இமாமுக்குச் சவூதி அரேபியா பணமும் ஆயுதமும் கொடுத்தது. அந்த இமாம் ஷியாக்களில் ஜைதிப் பிரிவைச் சேர்ந்தவர். சவூதி அரச குடும்பம் சுன்னி. 2015 மார்ச்சில் அதே சவூதி, அதே ஜைதிப் பிரிவிலிருந்து கிளம்பிய ஆயுதக் குழுவான ஹூதிகள் மீது குண்டு வீசத் தொடங்கியது. மதப் பகை வழிவழியாக வருவது என்றால் 1962இல் இவர்கள் ஒரே பக்கம் நின்றது எப்படி? அன்று இரு தரப்புக்கும் பொது எதிரி நாசர். இன்றைய கணக்கு வேறு. ஹூதிகளுக்குப் பின்னால் ஈரான் இருக்கிறது. இதைப் புரிந்துகொள்ள இரத்த வழி எதையும் ஆராய வேண்டாம், ஆண்டுகளை வரிசையாகப் படித்தாலே போதும்.

நாசருக்கு ஏமன் புதைகுழியாயிற்று. ஒரு கட்டத்தில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட எகிப்திய வீரர்கள் அந்த மலைகளில் சிக்கிக் கிடந்தார்கள். 1967 ஜூனில் இஸ்ரேலுடன் போர் மூண்டபோதும் எகிப்தியப் படையின் கணிசமான பகுதி அங்கேதான் இருந்தது. ஆறே நாளில் எகிப்தின் சினாய் தீபகற்பம் முழுவதும் பறிபோயிற்று. சூயஸ் கால்வாயின் கிழக்குக் கரையில் இஸ்ரேல் படை, மேற்குக் கரையில் எகிப்துப் படை. கால்வாய் மூடப்பட்டது.

இங்கே கொஞ்சம் நின்று ஒரு காட்சியைப் பார்க்க வேண்டும். போர் தொடங்கிய ஜூன் 5ஆம் தேதி காலையில் தெற்கிலிருந்து வடக்கே ஒரு கப்பல் வரிசை போய்க்கொண்டிருந்தது. அதில் 14 சரக்குக் கப்பல்கள், கால்வாயின் நடுவே இருக்கும் பெரும் கசப்பு ஏரியில் நங்கூரமிட்டன. பிரிட்டன், மேற்கு ஜெர்மனி, சுவீடன், பிரான்ஸ், போலந்து, பல்கேரியா, செக்கோஸ்லோவாக்கியா, அமெரிக்கா என்று எட்டு நாட்டுக் கப்பல்கள். சில நாளில் விட்டுவிடுவார்கள் என்று மாலுமிகள் காத்திருந்தார்கள். இரு முனைகளும் அடைபட்டதால் அந்தச் சில நாள் எட்டு ஆண்டுகளாக நீண்டது. பாலைவன மணல் படிந்து படிந்து கப்பல்கள் மஞ்சளாகிப் போயின. ‘மஞ்சள் கப்பற்படை’ என்றே அவற்றுக்குப் பெயர் விழுந்தது. மாலுமிகள் முறை மாற்றி வந்து காவல் காத்தார்கள். பனிப்போரில் எதிரெதிர் முகாம்களைச் சேர்ந்த நாட்டுக்காரர்கள் ஒருவர் கப்பலில் மற்றவர் விருந்துண்டார்கள், தங்களுக்கென்று அஞ்சல் தலை வரைந்துகொண்டார்கள், 1968இல் தங்களுக்குள் ஓர் ஒலிம்பிக் போட்டியே நடத்தினார்கள். 1973 போரில் அந்தப் பதினான்கில் ஒன்று மூழ்கியது. 1975 ஜூனில் கால்வாய் மறுபடி திறக்கப்படுவதற்குச் சற்று முன்பு கப்பல்களை மீட்டபோது, தன் எஞ்சினாலேயே ஊர் போய்ச் சேரும் நிலையில் இரண்டே கப்பல்கள்தான் இருந்தன. இரண்டும் ஜெர்மனியுடையவை.

அந்த எட்டு ஆண்டுகளும் ஆசியாவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன சரக்கு ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டுதான் போயிற்று. அந்த நீண்ட வழிக்குச் சிறிய கப்பல் கட்டுப்படியாகாது என்பதால் ராட்சத எண்ணெய்க் கப்பல்கள் பெருகின. கால்வாய் வழியே வரும் கப்பல்களுக்கு எரிபொருள் நிரப்பிப் பிழைத்த ஏடன் துறைமுகம் படுத்துவிட்டது. அதே 1967 நவம்பரில் பிரிட்டிஷார் ஏடனை விட்டு வெளியேற, விடுதலை பெற்ற தென் ஏமன் வெறும் கையோடு பிறந்தது. வட ஏமனில் தொடங்கிய சண்டை சூயஸ் வரை போய், சுற்றிக்கொண்டு மறுபடி ஏமனின் தலையிலேயே விழுந்தது.

எண்ணெய் விலையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 1973 அக்டோபரில் எகிப்தும் சிரியாவும் போர் தொடுத்தது, 1967இல் இழந்த சினாயையும் கோலான் குன்றுகளையும் மீட்பதற்காக. இஸ்ரேலுக்கு அமெரிக்கா ஆயுதம் இறக்கியதும் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. பீப்பாய்க்கு மூன்று டாலர் அளவில் இருந்த விலை 1974 ஜனவரியில் பதினொரு டாலரைத் தாண்டியது. தடை மார்ச்சில் நீங்கியும் விலை பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. உர விலை ஏறியது, இந்தியாவின் இறக்குமதிச் செலவு எகிறியது. அந்தப் பணத்தில் வளைகுடாவில் ஊர்கள் எழும்பின. அங்கே வேலைக்கு ஆட்கள் தேவைப்பட்டார்கள். உங்கள் மாவட்டத்திலிருந்து அப்படிப் போனவர்கள் எத்தனை பேர் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். விலையை மட்டும் எழுதியிருந்தால் அவர்கள் ஏன் போனார்கள் என்பதுகூட விளங்கியிருக்காது.

இனி நம் காலத்துக்கு வருவோம். 2014 செப்டம்பரில் ஹூதிகள் தலைநகர் சனாவைப் பிடித்தார்கள். மறு ஆண்டு சவூதி தலைமையிலான கூட்டணி போரில் இறங்கியது. 2015 ஆகஸ்டில் ஏமனின் செங்கடல் கரையில் உள்ள ஹொடைடா துறைமுகத்தின் கிரேன்கள் குண்டுவீச்சில் நொறுங்கின. ஏமன் தனக்கு வேண்டிய கோதுமையில் ஏறத்தாழ 90 சதவீதத்தை வெளியிலிருந்து வாங்கும் நாடு. உணவு இறக்குமதியில் பெரும்பகுதி அந்தத் துறைமுகம் வழியேதான் வந்தது. ஐ.நா. உலக உணவுத் திட்டம் அங்கே பொருத்துவதற்காக அனுப்பிய நான்கு நடமாடும் கிரேன்கள் 2017 தொடக்கத்தில் துறைமுகத்துக்குள் விடப்படாமல் திருப்பி அனுப்பப்பட்டன. ஓர் ஆண்டு கழித்து, 2018 ஜனவரியில்தான் வந்து சேர்ந்தன. பசித்த குழந்தைகள் இருக்கும் நாட்டில் மூட்டையை இறக்கும் கிரேனுக்கு ஓராண்டு! 2021 இறுதிக்குள் இந்தப் போரால் இறந்தவர்கள் 3,77,000 பேர் என்று ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் அறிக்கை மதிப்பிட்டது. அவர்களில் ஏறத்தாழ அறுபது சதவீதத்தினர் குண்டடி பட்டவர்கள் அல்லர். பசியிலும் நோயிலும் நல்ல தண்ணீர் இல்லாமலும் போனவர்கள். பிறகு 2022இல் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தது. ஏமன் கோதுமை வாங்கிக்கொண்டிருந்த முக்கிய நாடுகளில் அந்த இரண்டும் அடக்கம். ஒரு போரில் குற்றுயிராய்க் கிடந்தவர்கள் இன்னொரு போருக்கும் விலை கொடுத்தார்கள். அவர்களிடம் போய் ‘பிராந்தியப் போர்’ என்று சொல்லிப் பாருங்கள்.

2023 நவம்பரில், காஸா போரைக் காரணம் காட்டி ஹூதிகள் செங்கடலில் கப்பல்களைத் தாக்கத் தொடங்கினார்கள். செங்கடலின் தெற்கு வாயிலான, ‘கண்ணீர் வாசல்’ என்று பொருள்படும் பாப் அல்-மன்தப் நீரிணை மறுபடி ஆபத்தான வழியாயிற்று. கப்பல்கள் மறுபடி ஆப்பிரிக்காவைச் சுற்றின. பயணம் பத்து நாளுக்கு மேல் நீண்டது, காப்பீட்டுக் கட்டணம் பல மடங்கானது. போரில் சேராத எகிப்துக்குக் கால்வாய் வருமானம் 2023இல் ஆயிரம் கோடி டாலருக்கு மேல் இருந்தது, 2024இல் நானூறு கோடியாகச் சரிந்தது.

2024 ஜனவரியில் ‘மார்லின் லுவாண்டா’ என்ற எண்ணெய்க் கப்பல் ஏடன் வளைகுடாவில் ஏவுகணை தாக்கித் தீப்பிடித்தது. அதில் இருந்த மாலுமிகளில் 22 பேர் இந்தியர்கள். இந்தியக் கடற்படையின் ‘விசாகப்பட்டினம்’ கப்பலிலிருந்து வீரர்கள் போய்த் தீயை அணைக்க உதவினார்கள். ஹூதிகள் முதலில் பிடித்துக்கொண்டு போன ‘கேலக்ஸி லீடர்’ கப்பலில் 25 மாலுமிகள் இருந்தார்கள். பிலிப்பைன்ஸ், பல்கேரியா, ருமேனியா, மெக்சிகோ, உக்ரைன் என்று பல நாட்டுக்காரர்கள். சொந்த நாட்டில் குண்டு விழுந்துகொண்டிருக்க, உக்ரைன் மாலுமி வேறொரு போரின் கைதியாக ஏமனில் இருந்தார். 14 மாதம் கழித்து 2025 ஜனவரியில்தான் அவர்களை விட்டார்கள். விலையை மட்டும் எழுதும் பத்திரிகையில் அந்த 25 பேருக்கு இடம் இருந்திருக்காது.

அடுத்த இதழில் ஹொடைடா துறைமுகத்தைப் பற்றி ஆறு பக்கம் வருகிறது. படித்துவிட்டு மறுபடியும் எழுதுங்கள்.