கோல்கீப்பர் பயிற்சியாளர் எதைக் கற்றுத்தருகிறார்? நாடின் ஆங்கெரரை வைத்து ஒரு விளக்கம்

கால்பந்து அணியில் கோல்கீப்பருக்கென்றே தனியாக இருப்பவர்தான் கோல்கீப்பர் பயிற்சியாளர். ஜெர்மனியின் நாடின் ஆங்கெரர் நல்ல உதாரணம். 2007 மகளிர் உலகக் கோப்பையில் 540 நிமிடம் ஒரு கோலும் விடவில்லை. இறுதியாட்டத்தில் பிரேசில் வீராங்கனை மார்த்தாவின் பெனால்டியையும் (கோல்கீப்பர் மட்டும் எதிரே நிற்க உதைக்கும் தண்டனை உதை) தடுத்தார். 2013 யூரோ (ஐரோப்பிய மகளிர் சாம்பியன்ஷிப்) இறுதியில் தடுத்தது 2 பெனால்டிகள். அந்த ஆண்டின் ஃபிஃபா சிறந்த வீராங்கனையும் அவரே. 2015-ல் ஓய்வு பெற்று, அமெரிக்காவின் போர்ட்லாந்து தார்ன்ஸ் அணியில் கோல்கீப்பர் பயிற்சியாளரானார்.

தனிப் பயிற்சி ஏன்? கோல் கம்பங்களுக்கு இடையே 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரம். கோல் கோட்டிலேயே நின்றால் இரு ஓரமும் திறந்து கிடக்கும். பந்தை நோக்கி முன்னேறினால் அந்த இடைவெளி சுருங்கும். விளக்கின் பக்கத்தில் கையைக் கொண்டுபோனால் சுவரில் நிழல் பெரிதாகிறதல்லவா, அதே கணக்கு. அளவுக்கு மீறி முன்னேறினால் எதிரணியினர் பந்தைத் தலைக்கு மேல் தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

இதைக் கண்ணால் காட்ட எளிய வழி: இரு கம்பங்களிலிருந்தும் பந்துவரை கயிறு கட்டி, நடுவில் கோல்கீப்பரை நிறுத்துவது. எந்தப் பக்கம் அதிகம் திறந்திருக்கிறது என்று அவருக்கே தெரியும். அடிக்கடி நடக்கும் தவறு, எதிராளி உதைக்கும்போதும் முன்னே ஓடிக்கொண்டிருப்பது. உடல் எடை முன்னோக்கிப் போவதால் பக்கவாட்டில் பாய முடியாது. உதைக்கும் நொடியில் இரு பாதமும் தரையில், முழங்கால் லேசாக மடங்கி இருக்க வேண்டும்.

பெனால்டி தடுக்கப் பழக்குவதுதான் இவர்களின் முக்கிய வேலை என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் பெனால்டி உதைக்கும் நொடியில் ஒரு பாதமாவது கோல் கோட்டிலோ அதற்குப் பின்னாலோ இருக்க வேண்டும் என்பதால், மேலே சொன்ன கோணப் பயிற்சி அங்கே அநேகமாக உதவாது.