கோலாப் நோட்புக் ஒன்று, எழுதுபவர்கள் நால்வர்

கேள்வி: நாங்கள் நான்கு பேர் சேர்ந்து இறுதியாண்டு ப்ராஜெக்ட் செய்கிறோம். பிரவுசரிலேயே பைத்தான் கோடு எழுதி ஓட்டும் கூகுள் கோலாபில் ஒரே நோட்புக். தோழி தன் கல்லூரி மெயிலில் தொடங்கி, எங்களுக்கு எடிட்டர் அனுமதி கொடுத்தாள். நேற்று இரவு நான் எழுதிய செல்கள் (நோட்புக்கில் கோடு எழுதும் கட்டங்கள்) காலையில் காணோம். கல்லூரி முடிந்ததும் மெயிலை மூடிவிடுவார்கள் என்கிறார்கள். நோட்புக் என்னவாகும்?

பதில்: முதலில் காணாமல் போன செல்களைத் தேடுங்கள். ஃபைல் மெனுவில் ‘ரிவிஷன் ஹிஸ்டரி’ இருக்கிறது. நேற்று இரவு ஒருமுறையாவது உங்கள் வேலை சேமிப்பாகியிருந்தால் அந்தப் பதிப்பு அங்கே கிடைக்கும். தள்ளிப்போடாதீர்கள், இந்த வகை ஃபைல்களின் பழைய பதிப்புகளை 30 நாள் கடந்தாலோ 100 பதிப்புகளைத் தாண்டினாலோ, நோட்புக் சேமிக்கப்படும் கூகுள் டிரைவ் நீக்கிவிடலாம். முக்கியமான கட்டங்களில் ‘சேவ் அண்ட் பின் ரிவிஷன்’ கொடுத்துவிட்டால் அந்தக் கவலை இல்லை.

ஏன் காணாமல் போனது? கூகுள் டாக்ஸில் நான்கு பேர் ஒன்றாகத் தட்டினாலும் எல்லாம் சேர்ந்துகொள்ளும். கோலாபை அப்படி நம்பக் கூடாது. நீங்கள் திறந்து வைத்திருக்கும்போதே இன்னொருவர் சேமித்தால், தானியங்கிச் சேமிப்பு நடக்கவில்லை, ஃபைல் வேறு இடத்தில் மாற்றப்பட்டிருக்கிறது என்று எச்சரிக்கை வரும். பலரும் அதைப் படிக்காமல் கன்ட்ரோல் எஸ் அழுத்துவார்கள். அழுத்தினால், மற்றவர் சேமித்ததன் மேல் நம்முடையது ஏறி உட்கார்ந்துவிடும். உங்களுக்கும் அநேகமாக இதுதான் நடந்திருக்கும். எச்சரிக்கை வந்தால், எழுதியதை வேறெங்காவது காப்பி செய்துவிட்டுப் பக்கத்தை ரீலோடு செய்யுங்கள். அதைவிட நல்ல வழி, ஆளுக்கொரு நோட்புக். டேட்டா சுத்தம் செய்வது ஒருவர், மாடல் ஒருவர் என்று பிரித்துக்கொண்டு, கடைசியில் ஒரே ஆள் எல்லாவற்றையும் சேர்க்கட்டும்.

அடுத்து, உரிமை. எடிட்டர் அனுமதி இருப்பதால் நோட்புக் உங்களுடையது ஆகிவிடாது. அது தோழியின் டிரைவில் இருக்கிறது. அந்தக் கணக்கை நிர்வாகி நீக்கினால் அதோடு போய்விடும். கல்லூரிக் கணக்கிலிருந்து வெளி ஜிமெயிலுக்கு உரிமையை மாற்றவும் முடியாது. அதனால் நால்வரில் ஒருவர் தன் சொந்த ஜிமெயிலில் நகல் எடுங்கள். நகலுக்கு அவர்தான் உரிமையாளர். வெளியே பகிர்வதைக் கல்லூரி தடுத்திருந்தால், ஃபைலை டவுன்லோடு செய்து அங்கே ஏற்றுங்கள். பதிப்பு வரலாறு நகலோடு வராது. ஆகவே வேண்டிய பழைய பதிப்புகளைத் தனியாக எடுத்து வைத்த பிறகே இடம் மாறுங்கள். புதிய நோட்புக்கை லிங்க் வைத்திருக்கும் எவரும் திருத்தலாம் என்று விடாமல், மூன்று மெயில்களுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றும் சொல்ல வேண்டும். நோட்புக் பொதுவானாலும், அது ஓடும் மெஷின் பொதுவல்ல. நீங்கள் நிறுவிய லைப்ரரியும் பக்கப்பட்டியில் ஏற்றிய சிஎஸ்வி ஃபைலும் தோழியின் திரையில் இருக்காது. இலவசக் கோலாபில் ஒரு ரன்டைம், அதாவது அந்த மெஷின் உங்களுக்காக ஓடும் ஒரு தவணை, அதிகபட்சம் 12 மணி நேரம்தான். சும்மா விட்டால் அதற்கு முன்பே துண்டிக்கப்படும், ஏற்றியவை அழிந்துவிடும். டேட்டாவை டிரைவில் ஒரு ஃபோல்டரில் வைத்துப் பகிருங்கள். ஆனால் பகிரப்பட்ட ஃபோல்டர், டிரைவைக் கோலாபோடு இணைத்ததும் (மவுன்ட்) தானாக ‘மை டிரைவ்’ உள்ளே தெரியாது. ஒவ்வொருவரும் அதற்கு ஒரு ஷார்ட்கட்டை ‘மை டிரைவ்’ முதல் நிலையில், அதே பெயரில் வைத்துக்கொண்டால் நால்வருக்கும் ஒரே பாதை வேலை செய்யும்.

அப்புறம், ஏபிஐ கீ (வெளிச் சேவை ஒன்றை உங்கள் கோடு பயன்படுத்தத் தரப்படும் ரகசியச் சாவி) ஏதும் செல்லுக்குள் எழுதியிருந்தால் இன்றே எடுத்துவிட்டுப் புதிய கீ வாங்குங்கள். பழைய பதிப்புகளிலும் அது இருக்கும். புதியதை இடப்பக்கம் சாவிப் படம் போட்ட ‘சீக்ரெட்ஸ்’ பகுதியில் வையுங்கள். நோட்புக்கைப் பகிர்ந்தாலும் அது பகிரப்படாது.